ஷெங்கன் விசா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லத் திட்டமிடும் வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஷெங்கன் என்பது ஐரோப்பாவின் 29 நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனை இல்லாமல், ஒரே வெளி எல்லையோடு சேர்ந்திருக்கும் பகுதி. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக இதில் சேர்ந்துவிட்டன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் மூன்றும் ஷெங்கனில் இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 4 இரவு, இத்தாலியில் 3 இரவு தங்கத் திட்டம். எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்? "எதில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அதில் போட்டுவிடலாம்" என்கிறார் டிராவல் ஏஜென்ட்.
- வாசகி, கோயம்புத்தூர்

ஏஜென்ட் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சமமாக நிற்கின்றன. அப்படி வந்தால், முதலில் எந்த நாட்டின் வழியாக ஷெங்கனுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு. தோஹா வழியாகப் போய் பாரிஸில் இறங்கினால் பிரான்ஸ், ஜூரிச்சில் இறங்கினால் சுவிட்சர்லாந்து. இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் ஒரு இரவை இங்கிருந்து அங்கே மாற்றுங்கள். பாரிஸ் 5, சுவிஸ் 3 என்று ஆகிவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

ஏஜென்ட் சொன்ன வழியில் என்ன ஆகும்? இத்தாலிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது என்று ரோமில் ஆறு இரவு ஹோட்டல் பதிவு காட்டுவார்கள். விண்ணப்பம் உள்ளே போன மறுநாளே அதை ரத்து செய்வார்கள். தூதரகம் அந்த ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் கதை முடிந்தது. விசா கைக்கு வந்துவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. இத்தாலி விசாவோடு பாரிஸில் இறங்கி, கையில் இத்தாலிக்கான பதிவு ஒன்றுமே இல்லை என்றால் எல்லை அதிகாரி விசாவை அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்ப முடியும். விசா ரத்தான அந்தக் குறிப்பு அடுத்த விண்ணப்பத்திலும் உங்கள் கூடவே வரும்.

காலக் கணக்கு: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள். கூடுதல் ஆய்வு என்றால் 45 நாள் வரை போகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூட்டம் அலைமோதும் என்பதால், ஜூனில் கிளம்புபவர்கள் மார்ச்சிலேயே விரல் ரேகை கொடுத்துவிடுவது நல்லது. முடிவு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்கும். இடையில் சிங்கப்பூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்றால் அதையும் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதற்கு ஈடான ரூபாயில் வாங்குவார்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. எனவே விமான டிக்கெட்டுக்கு முன்பதிவு மட்டும் போதும், முழுப் பணம் கட்டிவிடாதீர்கள். ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் எடுத்து, முடிவு வரும்வரை தொடாமல் வையுங்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர்.

வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தால் விசா கிடைக்கும்? மைத்துனரிடம் 5 லட்சம் வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டு வைக்கலாமா?
- அரசுப் பள்ளி ஆசிரியர், திருச்சி

போடாதீர்கள். கையில் குறைவாக இருப்பதைவிட இது அதிகக் கெடுதல் செய்யும்.

விசா அதிகாரி கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ, வரிசையாகப் படிப்பார். மாதாமாதம் சம்பளம் வருகிறதா, அந்தத் தொகை சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகிறதா, வீட்டுச் செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார். 40,000 ரூபாய் இருப்பு வைத்திருந்த கணக்கில் விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு 5 லட்சம் விழுந்தால், அது கடன் வாங்கிய பணம் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். உண்மையிலேயே பெரிய தொகை வந்திருந்தால் (வைப்பு நிதி முதிர்ந்தது, மனை விற்றது, பி.எஃப். முன்பணம்) அதற்கான தாளை இணைத்து, முகப்புக் கடிதத்தில் (விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதம்) ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விளக்கம் இருக்கும் பெரிய தொகையால் பாதிப்பில்லை.

"எவ்வளவு" என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஜெர்மனி ஒரு நாளைக்கு 45 யூரோ. பிரான்ஸ், ஹோட்டல் பதிவு இருந்தால் நாளைக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120. சுவிட்சர்லாந்து 100 பிராங்க். இவை அடிமட்டக் கணக்குகள். ஒரு ஆளுக்கான தொகை இது, குடும்பத்தோடு போனால் பெருக்கிக்கொள்ளுங்கள். விமானச் செலவும் போக, திரும்பி வந்த பிறகும் கணக்கு வறண்டுவிடாது என்று தெரிந்தால் நல்லது.

வங்கி அறிக்கையில் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ஒப்புகை, வைப்பு நிதிச் சான்று ஆகியவை துணைக்கு. நீங்கள் அரசு ஊழியர் என்பதால் துறையின் வெளிநாட்டுப் பயண அனுமதியும் விடுப்பு அனுமதியும் தேவை. இவை கிடைக்கப் பல வாரம் ஆகலாம், முதலில் அந்த வேலையைத் தொடங்குங்கள். விடுப்புக் கடிதத்தில் உள்ள தேதி, டிக்கெட்டில் உள்ள தேதி, விண்ணப்பத்தில் உள்ள தேதி மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். பலர் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டுக் கடிதத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். எனக்கு வருமானம் இல்லை, கணவரின் குடும்ப ஓய்வூதியம் மட்டும். அவன் செலவில் போக முடியுமா?
- வாசகி, நாகர்கோவில்

தாராளமாகப் போகலாம், அம்மா. உங்கள் மகன் தான் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்று பெற வேண்டும். ஜெர்மன் மொழியில் அதற்கு ஃபெர்ப்ஃபிலிஷ்டுங்ஸ்எர்க்லேரூங் என்று பெயர். கட்டணம் 29 யூரோ. அவருடைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்து, உங்களைத் தாங்கும் அளவு வருமானம் உண்டா என்று கணக்கிட்டுத் தருவார்கள். மூலப் பத்திரம் உங்கள் கைக்கு வர வேண்டும், கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். அது 6 மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னதாக வாங்கிவிடக் கூடாது. அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆனால் அந்தப் பத்திரம் செலவுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "இவர் திரும்பி வருவாரா" என்ற கேள்விக்கு உங்கள் பக்கத்துத் தாள்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வூதிய ஆணை, ஓய்வூதியம் வரவாகும் கணக்கின் அறிக்கை, வீட்டுப் பத்திரம் அல்லது வரி ரசீது, ஊரில் மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விவரம் எல்லாவற்றையும் வையுங்கள். மகனோடு உள்ள உறவைக் காட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழ். அதில் உங்கள் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே கவனியுங்கள். முதல் பயணத்திலேயே 90 நாளும் கேட்பதைவிட, காரணத்தோடு 45 அல்லது 60 நாள் கேட்பது எளிதாக நம்பப்படும் என்பது எங்கள் கருத்து.

மற்ற நாடுகளில் முறை வேறு. பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தம் ஊர் நகராட்சியில் 30 யூரோ வரி முத்திரை கட்டி "அத்தெஸ்தாசியோன் தக்கேய்" என்ற வரவேற்புச் சான்று வாங்கி, மூலத்தை அனுப்ப வேண்டும். அது இருந்தால் நாளைக்கு 32.50 யூரோ காட்டினால் போதும். சுவிட்சர்லாந்தில், தூதரகம் கேட்டால் அங்குள்ளவர் 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. பெயர் மட்டும்தான். பிரச்சினை வருமா?
- வாசகர், மதுரை

நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். விசாவுக்கு இது தடையில்லை. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயரை நீங்களாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சிக்கல் விமான டிக்கெட்டில் வரும். கடைசிப் பெயரை நிரப்பாமல் இணையதளம் நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும், சில வேறு குறியீடு கேட்கும். பதிவுக்கு முன்பே அந்த நிறுவனத்தைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். ஹோட்டல், காப்பீடு, முகப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்கட்டும். அடிக்கடி பயணம் போகிறவர் என்றால், பெயரைப் பிரித்துப் போட்டுப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நிரந்தரத் தீர்வு.

விசா ஸ்டிக்கரில் ஜூன் 5 முதல் ஜூலை 9 வரை என்றும், தங்கும் நாள் 20 என்றும் இருக்கிறது. ஜூலை 9 வரை இருக்கலாமா? நடுவில் மூன்று நாள் லண்டன் போகலாமா?
- வாசகர், சென்னை

இருக்க முடியாது. ஸ்டிக்கரில் மூன்று விவரங்கள் தனித்தனியாக உள்ளன. முதலாவது, எந்தத் தேதிக்குள் விசாவைப் பயன்படுத்தலாம் என்பது. இரண்டாவது, அதற்குள் மொத்தம் எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பது. மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. நீங்கள் ஜூன் 5 முதல் 24 வரை 20 நாள் கேட்டிருப்பீர்கள். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று 15 நாள் கூடுதல் இடைவெளி கொடுத்ததால் ஜூலை 9 வந்திருக்கிறது. ஜூன் 10-ல் நுழைந்தால் 29-ல் வெளியேற வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். இரவு 11.40-க்கு பாரிஸில் நுழைந்தாலும் அது முதல் நாள். திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறது என்றால் ஒரு நாள் கூடிவிடக்கூடும்.

லண்டனைப் பொறுத்தவரை, நுழைவு எண்ணிக்கை "01" என்று இருந்தால் போகாதீர்கள். பிரிட்டன் ஷெங்கனுக்கு வெளியே. யூரோஸ்டார் ரயிலில் ஏறிய கணமே உங்கள் ஒரு நுழைவு தீர்ந்துவிடும், திரும்பி ஆம்ஸ்டர்டாமுக்குள் வர முடியாது. "02" அல்லது "மல்ட்" (பல நுழைவு) என்று இருந்தால் மட்டும் போகலாம், அதற்கும் பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும். இப்படித் திட்டம் உள்ளவர்கள் விண்ணப்பத்திலேயே பல நுழைவு கேட்டு, லண்டன் பதிவுகளையும் இணைக்க வேண்டும். ஸ்டிக்கரைக் கையில் வாங்கியதும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், நுழைவு எண்ணிக்கை நான்கையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் கிளம்புவதற்கு முன்பே திருத்தக் கேளுங்கள்.

கனடா விசா இருக்கிறது. கொழும்பிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போகிறேன். இடைமாற்றத்துக்கும் விசா வேண்டுமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

இலங்கை பாஸ்போர்ட், விமான நிலைய இடைமாற்ற விசா கட்டாயம் என்று ஷெங்கன் நாடுகள் அனைத்தும் வைத்திருக்கும் 12 நாட்டுப் பொதுப் பட்டியலில் உள்ளது. ஆனால் செல்லுபடியாகும் கனடா, அமெரிக்க, ஜப்பான் விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. கனடா போய்விட்டுத் திரும்பும்போதும் விலக்கு பொருந்தும்.

இரண்டு இடத்தில் மட்டும் இது கைகொடுக்காது. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி பாரிஸ் போய் அங்கிருந்து மொன்றியல் என்றால், ஃபிராங்ஃபர்ட்-பாரிஸ் பறப்பு ஷெங்கனுக்குள் உள்ளூர்ப் பயணம். அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும். அதேபோல், இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டுகிறீர்கள். பெட்டி கடைசி ஊர் வரை போகிறதா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா மறுக்கப்பட்டது. "திரும்பிச் செல்லும் எண்ணம் நம்பும்படியாக இல்லை" என்று காரணம். வயது 26, ஐ.டி. வேலை, 18 நாள் தனியாகப் போகத் திட்டமிட்டேன். மேல்முறையீடு செய்யவா, புதிதாக விண்ணப்பிக்கவா?
- வாசகர், சென்னை

மறுப்புப் படிவம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், காரணங்கள் எண்ணிட்டு இருக்கும், உங்களுக்குப் பொருந்துவதில் குறியிடுவார்கள். உங்களுக்கு வந்திருப்பது, இளம் வயது, மணமாகாதவர், வேலையில் புதியவர் ஆகியோருக்கு அடிக்கடி விழும் குறி. மேல்முறையீட்டு உரிமை உண்டு, முறையும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும், படிவத்திலேயே எழுதியிருக்கும். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இப்போது அங்கே புதிய விண்ணப்பம், இல்லையேல் பெர்லினில் நீதிமன்ற வழக்கு.

தூதரகம் தாளைப் படிக்கத் தவறியிருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். தாளே இல்லாமல் போயிருந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவதே பொருந்தும் என்று தோன்றுகிறது. வேலையில் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், அனுமதித்த விடுப்பு, மீண்டும் வேலைக்கு வர வேண்டிய தேதி எல்லாம் கொண்ட நிறுவனக் கடிதம் வாங்குங்கள். "இவர் எங்களிடம் பணிபுரிகிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் உதவாது. பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால், வீட்டுக் கடன் கட்டினால், படிப்பு பாக்கி இருந்தால் அவையும் பிணைப்புதான். பயணத்தை 18 நாளிலிருந்து 9 நாளாகக் குறைத்து, நாள்வாரியாக எங்கே, ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

முந்தைய மறுப்பை மறைக்க வேண்டாம். விசா தகவல் தொகுப்பில் அது 5 ஆண்டு இருக்கும், எல்லா ஷெங்கன் தூதரகங்களும் பார்க்கும். பிரிட்டன், கனடா விண்ணப்பங்களில் நேரடியாகவே கேட்பார்கள். பழைய மறுப்பைச் சொல்லி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விளக்குவதால் நஷ்டமில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் இந்தப் பாடா?
- வாசகி, சேலம்

உங்களுக்கு நல்ல செய்தி. 2024 ஏப்ரல் 18 அன்று, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் தனி விதி கொண்டுவந்தது. கடந்த 3 ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியிருந்தால், 2 ஆண்டு பல நுழைவு விசா கிடைக்கும். அதன் பிறகு 5 ஆண்டு விசா. பாஸ்போர்ட் அத்தனை காலம் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டே மிச்சமிருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள், பழையதையும் கூடவே கொடுங்கள். நீண்ட கால விசாவிலும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. விரல் ரேகை 59 மாதம் வரை மறுபடி பயன்படும்.

குழந்தைகளுக்குக் கட்டணம் உண்டா? நான் மட்டும் அழைத்துப் போகிறேன், கணவர் வரவில்லை.
- வாசகி, ஈரோடு

6 வயதுக்குக் கீழ் இலவசம், 6 முதல் 11 வரை 45 யூரோ. 12 வயதுக்குக் கீழ் விரல் ரேகை கிடையாது. கணவரின் சம்மதக் கடிதம், அவர் பாஸ்போர்ட் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அவசியம். கடிதத்தின் ஒரு நகலைக் கைப்பையிலும் வையுங்கள், எல்லையில் கேட்பதுண்டு.

எந்தக் காப்பீடு எடுப்பது?
- வாசகர், தஞ்சாவூர்

குறைந்தது 30,000 யூரோ மருத்துவ ஈடு, எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்ல வேண்டும், உடலை ஊருக்குக் கொண்டுவருவது வரை அடங்க வேண்டும். இவ்வளவு இருந்தால் விசாவுக்குப் போதும். உங்கள் நலனுக்கு இன்னொன்றைப் பாருங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களை மலிவான திட்டங்கள் பலவும் விலக்கிவைக்கும். வயதானவர்களுக்கு அந்த வரியைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

எங்களுக்கு ஷெங்கன் விசா தேவையில்லை. புதிதாக ஏதோ பதிவு செய்ய வேண்டும் என்கிறார்களே?
- வாசகர், கிள்ளான், மலேசியா

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிப் படிப்படியாக வந்தது நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை. பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதில் முகமும் விரல் ரேகையும் எல்லையில் பதிவாகும். முன்கூட்டி எதுவும் செய்ய வேண்டாம், கட்டணமும் இல்லை. முதல் முறை வரிசை நீளும், அடுத்த விமானத்துக்கு நேரம் விட்டு வையுங்கள். இன்னொன்று எட்டியாஸ் என்ற முன் அனுமதி. விசா தேவையில்லாத நாட்டவருக்கு மட்டும், 20 யூரோ என்று முடிவாகியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்ததை ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த இணையதளத்தில் உறுதி செய்யாமல் எங்கும் பணம் கட்டாதீர்கள்.

இனி நாள் கணக்கை எந்திரமே பார்க்கும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 90 நாள் இருந்தீர்கள் என்றால், அடுத்து நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்ப்பதுதான் கணக்கு.

மகளுக்கு நெய், பால்கோவா, மாம்பழம், கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?
- வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

மனசு கேட்காதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இடம் தருவதில்லை. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், மாம்பழமும் கறிவேப்பிலையும் அதில் மாட்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். தேன் 2 கிலோ வரை எடுக்கலாம். பொடி வகைகள், அப்பளம், வற்றல், எண்ணெயில் பொரித்த பலகாரம் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில், தங்கும் நாளுக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கையில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.